வலையோரத்தில் முப்பது ஆண்டுகள்

2024 ஜூலை 20-ஆம் நாள், அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழ்க் கூடத்தில் விஜய் அமிர்தராஜுடன் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டதைப் பற்றி முன்பொரு முறை இப்பகுதியில் குறிப்பிட்டிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயஸைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பயஸ் 18 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றவர் என்று எழுதியிருந்தீர்கள். ரோஜர் ஃபெடரர் வென்றது 20. அப்படியானால் இருவரும் ஏறக்குறையச் சமமானவர்கள் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது, அதற்காகப் பயஸைத் தாழ்த்தவும் வேண்டியதில்லை. ஃபெடரரின் இருபதும் ஒற்றையர் பட்டங்கள். பயஸின் பதினெட்டில் 8 ஆடவர் இரட்டையர் பட்டங்கள், 10 கலப்பு இரட்டையர் (ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடுவது) பட்டங்கள். ஒற்றையரில் கோப்பையைத் தொட ஐந்து செட் ஆட்டங்கள் ஏழினை வெல்ல வேண்டும்; ஆடவர் இரட்டையரில் ஆறு ஆட்டங்கள், கலப்பு இரட்டையரில் பெரும்பாலும் ஐந்து ஆட்டங்கள் வென்றால் போதும். அதோடு, ஒற்றையரில் முன்னணியில் இருப்பவர்கள் உடற்களைப்பை எண்ணிப் பெரிய போட்டிகளில் இரட்டையர் ஆட்டத்தைத் தவிர்த்துவிடுவது வெகுநாளாக இருக்கும் வழக்கம். எனவே எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருள் இல்லை.

ஆனால் வேறொரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் ஆகிய நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளையும் ஆடவர் இரட்டையரிலும் வென்று, கலப்பு இரட்டையரிலும் வென்றவர் பயஸ். களிமண் தரை, புல்தரை, கடினத் தரை என்று மூன்று தரைகளிலும், 1999 முதல் 2016 வரை பதினேழு ஆண்டுகள் விரிந்த காலத்தில், வெவ்வேறு துணைகளுடன் இதைச் செய்து முடித்திருக்கிறார். விம்பிள்டன் பட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 1999, 2003, 2010, 2015 என்று மூன்று பத்தாண்டுகளில் அவை பரவிக் கிடக்கின்றன. ஃபெடரரோடு ஒப்பிடுவதைவிட, தம் துறையில் அவர் எத்தனை காலம் நின்றார் என்று பார்ப்பதே நியாயமான அளவுகோல் என்பது என் கருத்து.

கேள்வி: பயஸ் கல்கத்தாக்காரர் என்கிறார்கள், சென்னைக்காரர் என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: பிறந்தது கல்கத்தாவில், 1973 ஜூன் 17-இல். தந்தை வேஸ் பயஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடியவர், பின்னர் விளையாட்டு மருத்துவராக விளங்கியவர். தாய் ஜெனிஃபர் இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். தாய்வழியில் வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தரின் வம்சம் என்பது இலக்கிய வாசகர்களுக்கான கூடுதல் செய்தி.

டென்னிஸ் வீரராக அவர் உருவானது சென்னையில்தான். 1985-இல் இங்கிருந்த பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அங்கிருந்து ஐந்தே ஆண்டுகளில், 1990-இல், விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும், அடுத்த ஆண்டில் அமெரிக்க ஓப்பன் இளையோர் பட்டத்தையும் வென்றார். அவரும் மகேஷ் பூபதியும் சேர்ந்து வென்ற முதல் சர்வதேசச் சுற்றுப் பட்டமும் 1997-இல் நுங்கம்பாக்கம் அரங்கில் கிடைத்ததே. அந்த ஜோடி சென்னை ஓப்பனை 1997, 1998, 1999, 2002, 2011 என ஐந்து முறை வென்றது. 2012-இல் செர்பியாவின் யாங்கோ டிப்சரேவிச்சைத் துணையாகக் கொண்டு பயஸ் ஆறாவது முறையும் வென்றார். உரிமை கொண்டாடச் சென்னைக்கும் கொஞ்சம் இடம் உண்டு.

கேள்வி: பீட் சாம்ப்ராஸையே ஒற்றையரில் வென்றவர் பயஸ். அப்படிப்பட்டவர் ஏன் ஒற்றையரைக் கைவிட்டு இரட்டையருக்குப் போனார்?

பதில்: 1998 அவருடைய ஒற்றையர் வாழ்வின் உச்சம். அந்த ஜூலையில் நியூபோர்ட் புல்தரையில் தம் ஒரே ஒற்றையர் பட்டத்தை வென்றார் (புகழ்க் கூடம் இருப்பதும் அதே வளாகத்தில்தான் என்பது ஓர் இனிய தற்செயல்). அடுத்த மாதம் நியூ ஹேவனில் சாம்ப்ராஸை 6-3, 6-4 என்று நேர் செட்களில் தோற்கடித்தார். அதே ஆகஸ்டில் தரவரிசையில் 73-ஆம் இடத்தைத் தொட்டார். அதற்கு மேல் போகவில்லை.

காரணம் அவருடைய ஆட்டத்திலேயே இருந்தது. சர்வீஸ் போட்டவுடன் வலையை நோக்கி ஓடி, பந்து தரையில் படுமுன் அடித்து முடிப்பவர் அவர். பின்கோட்டில் நின்று இருபது, முப்பது அடிகள் வரை பந்தைத் திருப்பி அனுப்பும் பொறுமையும், அதற்கு வேண்டிய கனமான பின்கை (பேக்ஹேண்ட்) அடியும் அவரிடம் இல்லை. புல்தரையில், ஒரு நல்ல நாளில், யாரையும் வீழ்த்துவார். ஆனால் ஆண்டுக்கு இருபத்தைந்து வாரங்கள், எல்லாத் தரைகளிலும், அதே வழியில் வெல்ல முடியாது. பந்துகள் மெதுவாகி, மட்டைகளின் நரம்புகள் பந்துக்குப் பெரும் சுழற்சி தரத் தொடங்கிய காலமும் அதுவே. வலைக்கு ஓடுபவரைத் தாண்டி அடிப்பது எதிராளிகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு எளிதாகிக்கொண்டே போனது. மறுபுறம், 1999-இல் இரட்டையர் தரவரிசையில் அவர் உலகின் முதலிடத்தில் இருந்தார். ஒன்றில் எழுபதாம் இடம், மற்றொன்றில் முதலிடம் என்றால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? ஒற்றையரில் தோற்றவர் இரட்டையரில் ஒதுங்கினார் என்று சிலர் எழுதியிருந்தது எனக்கு உடன்பாடில்லை. தம் கைக்கு எந்த ஆட்டம் பொருந்துகிறதோ அதை அவர் சரியான வயதில் கண்டுகொண்டார் என்றே சொல்வேன்.

கேள்வி: எல்லோரும் அவருடைய வலையோர ஆட்டத்தைப் புகழ்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் எங்களுக்கு அதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று விளங்கவில்லை. சற்று விளக்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இப்பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் தவறில்லை.

ஒற்றையர் ஆட்டக் களத்தின் அகலம் 27 அடி; இரட்டையருக்கு இருபுறமும் நாலரை அடி சேர்ந்து 36 அடி. ஆள் இரண்டு மடங்கு. இடமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆகவே காலியிடம் என்று ஒன்று தானாகக் கிடைக்காது. அதை உண்டாக்க வேண்டும். சர்வீஸ் போடுபவர் பின்னால் இருக்க, அவருடைய துணை வலைக்குச் சில அடி தள்ளி நிற்கிறார். எதிராளி பந்தைத் திருப்பி அடிக்கும் அந்த நொடிக்கும் குறைவான நேரத்தில், வலையோரத்தில் நிற்பவர் குறுக்கே பாய்ந்து பந்தை இடைமறிப்பதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே பாய்ந்தால் எதிராளி அவர் விட்டுச் சென்ற ஓரத்தில் அடித்துவிடுவார். தாமதித்தால் பந்து கடந்துவிடும். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டித் துணையிடம் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

பயஸ் இந்தப் பாய்ச்சலில் கைதேர்ந்தவர். உயரம் ஆறடிக்கும் குறைவு. சர்வீஸ் ஒன்றும் அச்சுறுத்தும் வேகம் உடையது அல்ல. ஆனால் எதிராளியின் தோள் திரும்பும் விதத்தைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று அறிந்து, மற்றவர்களுக்கு அரைக் கணம் முன்பே நகர்ந்துவிடுவார். அதைவிடவும் முக்கியமானது, பாயாமலேயே பாய்வதுபோல் தோளை அசைத்து எதிராளியைக் குழப்புவது. மறுபுறம் நிற்பவர் பந்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பயஸைப் பார்த்துவிடுவார். அவ்வளவுதான், பந்து வலையில் மோதும். இப்படிக் கிடைத்த புள்ளிகளில் பயஸின் மட்டை பந்தைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. தொலைக்காட்சியில் அது வெறுமனே எதிராளியின் தவறாகத் தெரியும். இரட்டையர் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, வலையோரத்தில் பந்து இல்லாமல் நிற்பவரை ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். ஆட்டம் வேறாகத் தோன்றும்.

இதில் காலமும் அவருக்கு உதவியது. 2006 வாக்கில் ஆடவர் சுற்றுப் போட்டிகளில் இரட்டையர் விதிகள் மாறின. நாற்பதுக்கு நாற்பது ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடிவு. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் வெல்லும் டை-பிரேக். ஆட்டம் சுருங்கியதால், முப்பதைத் தாண்டிய கால்களுக்கு ஓய்வும், பதற்றமான ஒற்றைப் புள்ளிகளில் நிதானமாக இருப்பவருக்கு ஆதாயமும் கிடைத்தன. கிராண்ட் ஸ்லாம் ஆடவர் இரட்டையரில் இந்தச் சுருக்கம் இல்லை. அங்கும் அவர் நாற்பது வயதில் வென்றார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: பயஸும் பூபதியும் பிரியாமல் இருந்திருந்தால் எத்தனை பட்டங்கள் வென்றிருப்பார்கள்? தவறு யாருடையது?

பதில்: இரண்டாவது கேள்விக்கு இருவருமே பலமுறை, பலவிதமாகப் பதில் சொல்லிவிட்டார்கள். நான் அதில் தலையிடப் போவதில்லை.

முதல் கேள்விக்கு, நடந்ததை வைத்துப் பேசலாம். 1999-இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளிலும் இந்த ஜோடி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஓர் ஆண்டின் நான்கு இறுதிகளிலும் ஒரே ஜோடி ஆடியது 1952-க்குப் பிறகு அப்போதுதான். ஆஸ்திரேலியாவில் யோனாஸ் பியோர்க்மன், பேட்ரிக் ராஃப்டர் ஜோடியிடம் ஐந்து செட்களில் தோற்றார்கள். பாரீஸிலும் விம்பிள்டனிலும் வென்றார்கள். நியூயார்க்கில் செபாஸ்டியன் லாரோ, அலெக்ஸ் ஓப்ரையன் ஜோடியிடம் தோற்றார்கள். அந்த லாரோவைத் துணையாகக் கொண்டுதான் 1993-இல் பயஸ் அமெரிக்க ஓப்பன் அரையிறுதி வரை சென்றிருந்தார்! 2001-இல் மீண்டும் பிரெஞ்சு ஓப்பன். ஆக, இருவரும் சேர்ந்து வென்றவை மூன்று.

பூபதியின் பலம் பின்கை அடியில், குறிப்பாக சர்வீஸைத் திருப்பி அடிப்பதில் இருந்தது. பயஸின் பலம் வலையில். ஒருவர் குறை மற்றவரால் மறைந்தது. இப்படி அமையும் ஜோடி அரிது. இருபத்தைந்து வயதில் கிடைத்த அந்தப் பொருத்தத்தை முப்பது வயது வரையாவது காப்பாற்றியிருந்தால் ஆறோ ஏழோ கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் பிரிவு இருவரையும் வீழ்த்தவில்லை. பூபதி 2002-இல் மாக்ஸ் மிர்னியுடன் அமெரிக்க ஓப்பன் வென்றார். பயஸ் 2006-இல் மார்ட்டின் டாமுடன் அமெரிக்க ஓப்பன், 2009-இல் லூகாஸ் ட்லூஹியுடன் பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன்கள், 2012-இல் ராடெக் ஸ்டெபானெக்குடன் ஆஸ்திரேலிய ஓப்பன், 2013-இல் அவருடனேயே அமெரிக்க ஓப்பன் என்று ஐந்து வென்றார். ஐந்தும் செக் நாட்டவரைத் துணையாகக் கொண்டு வென்றவை. 2009 அமெரிக்க ஓப்பன் இறுதியில் வலைக்கு மறுபுறம் நின்றவர்களில் ஒருவர் பூபதி.

2011-இல் அவர்கள் மீண்டும் சேர்ந்தார்கள். ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களிடம் தோற்றார்கள். அடுத்த ஆண்டு அதே இறுதியில், அதே சகோதரர்களை, பயஸ் ஸ்டெபானெக்குடன் 7-6, 6-2 என்று வென்றார். அதுவரை அவர் வெல்லாமல் மிஞ்சியிருந்த ஒரே கிராண்ட் ஸ்லாம் ஆடவர் இரட்டையர் கோப்பை அதுதான்.

கேள்வி: நூற்றுக்கு மேற்பட்ட துணைகளுடன் ஆடியவர் என்கிறார்கள். ஒருவருடனும் ஒத்துப்போகாதவர் என்றுதானே இதற்குப் பொருள்?

பதில்: அப்படியும் சொல்லலாம், யாருடனும் ஆடத் தெரிந்தவர் என்றும் சொல்லலாம். அறிமுகமில்லாத பாடகர் மேடையேறிய அன்றே அவருடைய போக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் மிருதங்க வித்வான்கள் உண்டு. பயஸ் அந்த வகை. முப்பது ஆண்டுகளில் துணைகள் ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டே இருந்தார்கள், இவர் மட்டும் இருந்தார் என்பதும் எண்ணிக்கை ஏறியதற்கு ஒரு காரணம்.

கலப்பு இரட்டையரில் இதற்கு நல்ல சான்று கிடைக்கிறது. 2003-இல் மார்ட்டினா நவ்ரதிலோவாவுடன் ஆஸ்திரேலிய ஓப்பனும் விம்பிள்டனும் வென்றார். நவ்ரதிலோவாவுக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. காரா பிளாக்குடன் மூன்று பட்டங்கள். மார்ட்டினா ஹிங்கிஸுடன் 2015-இல் ஒரே ஆண்டில் மூன்று, 2016-இல் பிரெஞ்சு ஓப்பன். லிசா ரேமண்டுடன் 1999 விம்பிள்டன். இந்த நால்வரின் ஆட்டமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது.

இருந்தாலும், கேள்வி கேட்டவரின் ஐயத்தை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன் பூபதி, ரோஹன் போபண்ணா இருவருமே அவருடன் ஆட மறுத்தார்கள். இறுதியில் அவர் விஷ்ணு வர்தனுடன் இறங்கினார். நாட்டின் சிறந்த இரட்டையர் வீரர்கள் மூவர் இருந்தும் அவர்களைக் கொண்டு ஒரு பதக்க அணியை அமைக்க முடியாமல் போனது இந்திய டென்னிஸின் வருத்தமான அத்தியாயம். அதில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

கேள்வி: இரட்டையர் வீரருக்கு ஒலிம்பிக்கில் ஒற்றையர் பதக்கம் கிடைத்தது எப்படி?

பதில்: 1996 அட்லாண்டாவில் அவர் வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்குத் தரப்படும் சிறப்பு அனுமதி) மூலம் நுழைந்தவர், தரவரிசையில் முதல் நூறுக்குள்கூட அப்போது இல்லை. முதல் சுற்றில் சாம்ப்ராஸைச் சந்திக்க வேண்டியிருந்தது. சாம்ப்ராஸ் காயத்தால் விலகிக்கொண்டார். அதை வைத்து இந்தப் பதக்கத்தை அதிர்ஷ்டம் என்பவர்கள், மூன்றாம் சுற்றில் அவர் தாமஸ் என்குவிஸ்டை வென்றதைச் சொல்வதில்லை. அரையிறுதியில் ஆந்த்ரே அகாஸியிடம் தோற்றார். மணிக்கட்டுக் காயத்துடன் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் பெர்னாண்டோ மெலிஜெனியிடம் முதல் செட்டை இழந்து, 3-6, 6-2, 6-4 என்று வென்றார். 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ் பெற்ற வெண்கலத்துக்குப் பிறகு, தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

முரண் என்னவென்றால், இரட்டையரில் உலகையே ஆண்டவருக்கு ஒலிம்பிக் இரட்டையரில் பதக்கமே இல்லை. 1992 பார்சிலோனாவில் ரமேஷ் கிருஷ்ணனுடன் காலிறுதி. 2004 ஏதென்ஸில் பூபதியுடன் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோஷிய ஜோடியிடம் மூன்றாவது செட்டில் 14-16 என்று தோல்வி. 1992 முதல் 2016 வரை ஏழு ஒலிம்பிக்குகளில் ஆடிய முதல் டென்னிஸ் வீரர் அவர்.

கேள்வி: 2003-இல் அவருக்கு மூளைக் கட்டி என்று செய்தி வந்ததே?

பதில்: முதலில் அவ்வாறு அஞ்சினார்கள். பரிசோதனையில் அது ஒட்டுண்ணியால் ஏற்பட்ட மூளைத் தொற்று என்று தெரிந்து, மருந்தால் குணமானது. அடுத்த ஆண்டு ஏதென்ஸில் ஆடினார்.

கேள்வி: டேவிஸ் கோப்பையில் அவருடைய சாதனையை இன்றைய இளைஞர்கள் அறிவார்களா என்று தெரியவில்லை. சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: சுருக்கமாகச் சொல்ல வராது, முயல்கிறேன். நாடுகளுக்கு இடையிலான இந்த அணிப் போட்டியில், பதினாறு வயதில், 1990-இல், சண்டிகரில் ஜப்பானுக்கு எதிராக ஜீஷான் அலியுடன் இரட்டையரில் தொடங்கினார். 1993-இல் பிரெஞ்சு மண்ணில், ஃப்ரேஜுஸ் நகரின் களிமண் தரையில், ஹென்றி லெகோன்ட், அர்னோ போய்ஷ் இருவரையும் ஒற்றையரில் வென்றார். ரமேஷ் கிருஷ்ணன் தீர்மானிக்கும் ஆட்டத்தை வெல்ல, இந்தியா அரையிறுதிக்குப் போனது. 1995-இல் டெல்லிப் புல்தரையில் குரோஷியாவின் கோரன் இவானிசெவிச்சிடம் முதல் இரண்டு செட்களை இழந்த பின் அடுத்த மூன்றையும் கைப்பற்றினார். அன்று இவானிசெவிச் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர்.

டேவிஸ் கோப்பை இரட்டையரில் இத்தாலியின் நிக்கோலா பியெத்ராஞ்ஜெலி வைத்திருந்த 42 வெற்றிகள் என்ற சாதனையை 2018-இல் சீனாவுக்கு எதிராகப் போபண்ணாவுடன் ஆடி முறியடித்தார். 2019-இல் பாகிஸ்தானுக்கு எதிராகச் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனுடன் 44-ஆவது வெற்றி. நாட்டுக்காக ஆடும்போது அவர் தம் தரவரிசைக்கு மேலே ஆடினார் என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: அவர் உண்மையில் எப்போது ஓய்வு பெற்றார்? வழியனுப்பு ஆட்டம் எதுவும் நடந்ததாக நினைவில்லை.

பதில்: நடக்கவில்லை. 2019 கிறிஸ்துமஸ் நாளன்று, 2020-ஆம் ஆண்டே தம் கடைசி ஆண்டு என்று அறிவித்தார். பிப்ரவரியில் பெங்களூரு சாலஞ்சர் (முதன்மைச் சுற்றுக்கு அடுத்த நிலை) போட்டியில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் இறுதிவரை வந்து, பூரவ் ராஜா, ராம்குமார் ராமநாதன் ஜோடியிடம் தோற்றார். (இதே எப்டன்தான் 2024-இல் போபண்ணாவுடன் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றவர்.) அதன் பிறகு பெருந்தொற்று வந்து உலகத்தின் எல்லா அரங்குகளையும் மூடிவிட்டது. ஓய்வு பெற்றுவிட்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னது 2021 அக்டோபரில், கோவாவில் அரசியல் கட்சி ஒன்றில் சேர்ந்த அன்று.

கடைசியாக நாட்டுக்காக ஆடியது 2020 மார்ச்சில், ஜாக்ரெப் நகரில், குரோஷியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பையில். போபண்ணாவும் அவரும் மாட்டே பாவிச், ஃபிராங்கோ ஷ்குகோர் ஜோடியை மூன்று செட்களில் வென்றார்கள். இரட்டையரில் அவருக்கு அது 45-ஆவது வெற்றி. அன்று பயஸுக்கு வயது நாற்பத்தாறு. எதிரே நின்ற பாவிச் பிறந்தது 1993 ஜூலையில், பயஸ் ஃப்ரேஜுஸில் லெகோன்டை வென்ற அதே மாதத்தில்.